ஈசூனிலும் தேக்காவிலும் ஒரு தீபாவளி வாரம்: பார்த்த படங்களும் கேட்ட வாதங்களும்

16 அக்டோபர் 2025, வியாழன்

திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் புறப்பட்டு விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்டோபர் இங்கே இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதம். பிற்பகலில் இடியோடு மழை வரும் என்று என் சித்தி மகள் தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தாள். அது காலையிலேயே வந்துவிட்டதால், தாவரவியல் பூங்காவையும் கிழக்குக் கடற்கரையையும் பார்ப்பதற்குப் போட்டிருந்த திட்டம் முதல் நாளிலேயே கலைந்தது. உறவினர்களோடு தீபாவளி கொண்டாட வந்த பயணம், திரையரங்கிலும் உணவங்காடியிலும் வீட்டுக் கூடத்திலும் படங்களையும் நடிகர்களையும் பற்றி ஓயாமல் பேசிய பயணமாக மாறியதற்கு அந்த மழைதான் காரணம்; அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

ஈசூனில் அந்தத் தங்கை குடியிருக்கும் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்திலேயே ஒரு காப்பிக்கடை இருக்கிறது. வெறும் பரோட்டா 1.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முட்டை சேர்த்தால் 2.50 வெள்ளி, தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. பானங்கள் விற்கும் சீன அம்மையார், என் ஈரமான தலையைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே இஞ்சி போட்ட ‘தே ஹாலியா’ நல்லது என்று கையசைத்துச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். எதிர் மேசையிலிருந்த ஒரு முதியவர், தம்முடைய தட்டோடு என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, நான் நன்றி சொல்வதற்குள் நடந்துபோய்விட்டார்.

மாலையிலும் மழை விடவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தோம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியின்றிக் கடல் கடந்து வந்து, சென்னையில் தங்கள் அடையாளத்தை மறைத்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை; கடந்த மே மாதம் முதல் நாள் வெளிவந்து, அதே நாளில் வந்த பெரிய நடிகரின் படத்துக்கு நடுவே தன் கால்களில் நின்ற படம். தங்கையின் கணவருக்கு இதன் நாயகன் சசிகுமாரைப் பிடிக்காது. ‘சுப்ரமணியபுரம்’ வந்த 2008இலிருந்து அவர் நட்பைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் திரையில் யாருக்காவது எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பது அவருடைய குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு என்றாலும், இந்தப் படத்தில் சசிகுமார் பேசுவதைவிட அதிகமாகக் கேட்கிறார். அக்கம்பக்கத்தார் தங்கள் துயரத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஆறுதல் சொல்லும் அவசரம் இல்லை. ஒரு நடிகரை அவர் வசனம் பேசும் நேரத்தில் அளப்பதைவிட, எதிரே நிற்பவர் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. அதை அன்றிரவு கூடத்தில் சொன்னேன். வாரம் முழுவதும் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

17 அக்டோபர், வெள்ளி

தீபாவளிப் படங்கள் இன்று வெளியாயின: பிரதீப் ரங்கநாதன் நடித்த ‘டியூட்’, மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன் காளமாடன்’, ஹரிஷ் கல்யாண் நடித்த ‘டீசல்’. தங்கையின் மகன் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறான், பதினேழு வயது. அவனுக்கு ‘டியூட்’ தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஈசூன் கோல்டன் வில்லேஜ் இருக்கிறது. 1992இல் பத்துத் திரைகளோடு திறக்கப்பட்ட, சிங்கப்பூரின் முதல் பல்திரை அரங்கு அது. ஆளுக்கு 16 வெள்ளி, அதாவது நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். பொரித்த சோளம் இனிப்பாக இருந்தது. உப்பும் மிளகாயும் பழகிய நாக்குக்கு அது ஏற்கவில்லை. அரங்கத்தின் குளிரோ, சால்வையைப் போர்த்திக்கொண்டும் தாங்க முடியாததாக இருந்தது.

முதல் நாள் கூட்டத்தில் விசில் இருந்தது. ஆனால் யாரும் எழுந்து நின்று பின்னால் இருப்பவர்களை மறைக்கவில்லை. ‘இடைவேளை’ என்ற எழுத்து திரையில் தோன்றி மறைந்தது, படம் நிற்காமல் தொடர்ந்தது. நம் இயக்குநர்கள் அந்த ஒரு நொடிக்காக எவ்வளவு உழைத்து ஒரு திருப்பத்தைக் கட்டுகிறார்கள். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காமல் அது கரைந்துபோவது எனக்கு வருத்தமாக இருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். ஆங்கிலத் துணையெழுத்து வசனத்துக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடுவதால், அதைப் படிப்பவர்கள் முதலில் சிரித்தார்கள், காதால் கேட்பவர்கள் பிறகு சிரித்தார்கள். ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அரங்கம் இரண்டு முறை சிரித்தது.

படத்தைப் பற்றி என் கருத்து இது. புது இயக்குநர் கீர்த்தீஸ்வரன், கலகலப்பான இளைஞர் படம் என்ற தோற்றத்துக்குள் சாதியின் பெயரால் நடக்கும் கொலையைப் பற்றிப் பேச முனைந்திருக்கிறார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கனத்தைச் சுமப்பவர்கள் மமிதா பைஜுவும், அவருக்குத் தந்தையாகவும் அமைச்சராகவும் வரும் சரத்குமாரும்தான். ‘3 பிஎச்கே’ படத்தில் சொந்த வீட்டுக்காக ஏங்கும் தந்தையாக வந்த அதே சரத்குமார், சில மாதங்களிலேயே சிரிப்பும் அச்சமும் ஒருசேர வரவழைக்கும் தந்தையாக மாறியிருப்பது இந்த ஆண்டில் நான் பார்த்த நல்ல செய்திகளில் ஒன்று.

பிரதீப்பைப் பற்றி இரவுச் சாப்பாட்டு மேசையில் பெரும் வாக்குவாதம். “அவரு எங்க கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்காரு, பெரியம்மா. வேற யாரையும் பார்த்தா அப்படித் தோணல” என்றான் பையன். அவனுடைய அப்பாவோ, எல்லா அசைவும் தனுஷிடமிருந்து எடுத்தது என்றார். இந்தக் குற்றச்சாட்டில் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. 2002இல் ‘துள்ளுவதோ இளமை’ வந்தபோது, இந்த முகத்தையும் உடலையும் வைத்துக்கொண்டு கதாநாயகனா என்று தனுஷைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ‘ஆடுகளம்’, ‘அசுரன்’ இரண்டுக்கும் அவர் தேசிய விருது பெற்றார். இன்று அதே கேள்வியைப் பிரதீப்பிடம் கேட்பவர்கள் தனுஷையே அளவுகோலாகப் பிடிக்கிறார்கள். தோற்றத்தைப் பற்றிய அந்தக் கேள்வி அன்றும் மரியாதையற்றது, இன்றும் மரியாதையற்றது.

பிரதீப்பிடம் எனக்குள்ள குறை வேறு. ‘கோமாளி’யை இயக்கி, ‘லவ் டுடே’யை எழுதி இயக்கி நடித்தவர் அவர், எங்கே கைதட்டல் விழும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ, எதிரே மமிதா பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் அடுத்த பதிலுக்குத் தயாராகிவிடுகிறது. நாற்பத்தெட்டு பாடங்களில் தோற்றவனாக ‘டிராகன்’ படத்தில் நடித்தபோது, தன் பொய்யால் இன்னொருவன் வாய்ப்பு பறிபோனதை உணரும் இடத்தில் அவர் நின்று கேட்டார். அங்கே நான் அவரை நம்பினேன். இதைச் சொன்னதும் பையன் கோபித்துக்கொண்டு எழுந்துபோனான். பிறகு எனக்காக ஒரு கோப்பை மைலோ கலந்து எடுத்துவந்து வைத்தான்.

18 அக்டோபர், சனி

நண்பகல்வரை வெயில். லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள தேக்காவுக்குப் பெருவிரைவு ரயிலில் போனோம். சிராங்கூன் சாலை நெடுகத் தோரண விளக்குகள், கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தை, எங்கும் மல்லிகையும் வெட்டிவேரும் மணந்தன. கூட்டத்தில் யாரோ மிதித்து என் செருப்பின் வார் அறுந்தது. அந்தப் பெண்மணி பத்து முறை மன்னிப்புக் கேட்டதோடு நிற்காமல், செருப்புக் கடைவரை கூடவே வந்து, 12 வெள்ளி விலை சொன்னவரிடம் பேசி 8 வெள்ளிக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் ஆட்டிறைச்சி பிரியாணி 8 வெள்ளி. இடம் கிடைக்காமல் நின்றபோது, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் தம் மேசையில் உட்காரச் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். நான் ஊரிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நீங்க சிவாஜியா, எம்ஜிஆரா?” என்பதுதான்.

அவர் சிவாஜி பக்கம். அவருடைய அண்ணன் எம்ஜிஆர் பக்கம். அருகில் மெக்கன்சி சாலையில் 1946இல் திறக்கப்பட்ட ரெக்ஸ் திரையரங்கைக் கைகாட்டி, அதன் வாசலில் இந்த வாதம் எத்தனை முறை கைகலப்புவரை போனது என்று சொன்னார். சிவாஜி மிகையாக நடிப்பவர் என்று இன்றைய பிள்ளைகள் சொல்வது அவருக்குத் தாங்க முடியாத வேதனை. நாடக மேடையில், ஒலிபெருக்கியை நம்ப முடியாத காலத்தில், கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டும் என்று பழகியவர் 1952இல் ‘பராசக்தி’யோடு திரைக்கு வந்தார், அந்தக் குரலையும் புருவத்தையும் அன்றைய கூட்டம் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டது என்பது பெரியவரின் வாதம். 1960இல் கெய்ரோவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததை, தம் வீட்டுக்கு வந்த விருதாகவே அவர் சொன்னார். எனக்கும் சிவாஜியைப் பிடிக்கும். அவர் உரத்துப் பேசும் காட்சிகளைவிட, ‘முதல் மரியாதை’யில் குரல் தாழ்ந்து வாழும் அந்தக் கிழவரே என் சிவாஜி என்றபோது, பெரியவர் என் கையைப் பிடித்து, “அதச் சொல்லுமா, அதச் சொல்லு” என்றார்.

‘கூலி’யைப் பற்றியும் பேச்சு வந்தது. 1975 ஆகஸ்டு 15இல் ‘அபூர்வ ராகங்கள்’ வழியாக அறிமுகமான ரஜினிகாந்துக்கு, ஏறத்தாழ நாள் பிசகாமல் ஐம்பது ஆண்டு நிறைவில் வந்த படம் அது. பெரியவருக்கு ரஜினி என்றால் ‘பிரியா’தான்; தம்முடைய ஊரைத் தமிழ்த் திரையில் பார்த்த பெருமை இன்னும் குறையவில்லை. ‘கூலி’யில் ரஜினியின் பழைய துடிப்பு இருக்கிறது, ஆனால் வெவ்வேறு மொழி நடிகர்களை விருந்தினர்களாக அழைத்துக் கதையை நெருக்கடியாக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து, சௌபின் சாகிர் மட்டுமே அந்த நெரிசலில் ஒரு முழு மனிதனாக வந்து போகிறார். பெரியவர் இதை ஒப்பவில்லை. ரஜினி நடந்து வந்தால் போதும் என்றார்.

ரெக்ஸில் இப்போது அந்தக் கூட்டம் இல்லை. பழைய திரையரங்கு நிறுவனங்களில் ஒன்றான கேத்தே சினிபிளக்ஸ் இந்தச் செப்டம்பர் தொடக்கத்தில் மூடிவிட்டது. மாற்றுப் படங்களைத் திரையிட்டுவந்த ‘தி ப்ரொஜெக்டர்’ ஆகஸ்டிலேயே மூடியது. சண்டை போட வாசல்கள் குறைந்துவருகின்றன என்பதைப் பெரியவர் கோபத்தோடுதான் சொன்னார்.

19 அக்டோபர், ஞாயிறு

நகருக்குள் இருக்கும் ஓர் அரங்கில் ‘பைசன்’ பார்க்கப் போனேன். பையன் வர மறுத்துவிட்டான். தங்கை மட்டும் வந்தாள். படம் தொடங்கிச் சில நிமிடங்களாகியும் துணையெழுத்து வரவில்லை. எனக்கு அருகில் ஓர் இளம் சீனத் தம்பதியர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வரிசையிலிருந்த ஒரு தமிழ் இளைஞர் அதைக் கவனித்து, யாரும் சொல்லாமலே வெளியே போய் ஊழியரை அழைத்துவந்தார். படம் நிறுத்தப்பட்டு, முதலிலிருந்து மறுபடியும் ஓடியது. தமிழ் தெரிந்த அத்தனை பேரும் பார்த்த காட்சிகளையே இன்னொரு முறை பார்க்க வேண்டியிருந்தும், இரண்டு பேருக்காகக் காத்திருப்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் நான் கண்டவற்றில் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் புனைந்த கதை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர் அவர். அர்ச்சுனா விருது பெற்றவர். ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரப் படம். வெட்டும் பழிவாங்கலும் சூழ்ந்த மண்ணில், மகன் களத்தில் இறங்கினால் உயிரோடு திரும்புவானா என்று நடுங்கும் தந்தையாகப் பசுபதி வருகிறார். வாய் எதுவும் சொல்லாதபோதும் அவருடைய தோள்கள் அந்த அச்சத்தைச் சொல்கின்றன. இந்த ஆண்டு நான் பார்த்த நடிப்பில் இதற்கு நிகரில்லை.

கதாநாயகனாக வரும், நடிகர் விக்ரமின் மகன் துருவ் விக்ரமைப் பற்றித்தான் எல்லோரும் பிரிந்து நிற்கிறார்கள். ‘ஆதித்ய வர்மா’ ஒரு தெலுங்குப் படத்தின் மறுஆக்கம் என்பதால் அதன் நாயகனின் நிழலில் வந்தது; ‘மகான்’ திரையரங்குக்கு வராமலே இணையத்தில் வெளியாகி, அங்கும் விக்ரமின் நிழலே பெரிதாக இருந்தது. ஆகவே அவரைப் பார்க்கப் போகிறவர்கள், வாரிசு என்ற எரிச்சலையோ விக்ரமின் மீதுள்ள பாசத்தையோ கூடவே எடுத்துப்போகிறார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அருகிலிருந்த சீன இளைஞர் இது உண்மைக் கதையா என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கதாநாயகன் யாரோ ஒரு கபடி வீரர்தான் என்று நினைத்ததாக அவர் சொன்னபோது, தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு விக்ரம் யார் என்று தெரியாது. யாருடைய மகன் என்ற செய்தி அவர் காதுக்கு வந்ததே இல்லை. அவர் கண்டது கிட்டன் என்ற பையனை மட்டும். துருவுக்கு இதைவிடப் பெரிய பாராட்டை நம்மில் யாராலும் கொடுத்திருக்க முடியாது. அதிகம் பேசாத அந்தப் பாத்திரத்தில், பசுபதி பேசும்போது அவர் தலையைத் தாழ்த்திக் கேட்கிற விதம் கற்றுக்கொடுத்து வருவதல்ல.

மாலையில் லிட்டில் இந்தியாவுக்கு மறுபடியும் போனோம். ஞாயிறும் தீபாவளிக்கு முந்தைய நாளும் சேர்ந்ததால், விடுதிகளிலிருந்து வந்த நம் ஊர்த் தொழிலாளர்கள் திரள் திரளாக நின்றார்கள். ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்திருந்த சிலர், தங்கள் தேநீரில் எங்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று ஊர் சொன்னார்கள். கப்பல் பட்டறையில் வேலைசெய்யும் ஒருவர், “டியூட் பார்த்து நல்லா சிரிச்சோம்க்கா. பைசன வீட்டுக்குப் போய் அப்பா கூட உட்கார்ந்து பார்க்கணும்” என்றார். சூர்யாவின் ரசிகர் ஒருவர், ‘கங்குவா’வுக்காக விடுப்பு எடுத்துப் போய், அந்தப் பேரிரைச்சலில் தலைவலியோடு திரும்பிய கதையைச் சொன்னார், ஒலியைக் குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்க நேர்ந்த படம் அது. அப்படியும் சூர்யாவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மாதம் ஒரே ஒரு படத்துக்குத்தான் இவர்களால் 16 வெள்ளி ஒதுக்க முடிகிறது. அந்த ஒன்றையும் அறையில் எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவுசெய்கிறார்களாம். இவர்களுடைய தீர்ப்பில் இருக்கும் கண்டிப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல், கோயில், இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். முறுக்கும் அச்சுமுறுக்கும் தட்டில் அடுக்கி, தளத்திலுள்ள சீன, மலாய் வீடுகளுக்குப் பையன் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு நாள் முழுவதும் விருந்தினர்கள். வானொலியில் ஒலி 96.8.

பெண்கள் சமையலறையில் கூடியதும் பேச்சு நித்யா மேனனிடம் வந்தது. ‘திருச்சிற்றம்பலம்’ படத்துக்கு அவருக்குத் தேசிய விருது கொடுத்திருக்கக் கூடாது, அதே ஆண்டு ‘கார்கி’யில் நடித்த சாய் பல்லவிக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று தங்கையின் மாமியார் உறுதியாகச் சொன்னார். சாய் பல்லவியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘அமரன்’ படத்தை அவர்தான் தாங்கினார். ஆனால் அழுகையும் போராட்டமும் உள்ள வேடமே பெரியது, தோழியாகச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது எளிது என்ற எண்ணம் எனக்கு ஒப்புதல் இல்லை. தனுஷ் தன் காதல்களைச் சொல்லச் சொல்ல, தன் காதலை மறைத்துக்கொண்டு நித்யா மேனன் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளைத் திரும்பப் பாருங்கள். இந்த வாரம் முழுவதும் நான் சொல்லிவருவதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. மாமியார் முறுக்கு மாவைப் பிழிவதை நிறுத்தி யோசித்தார். பிறகு, “சரி, ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம்” என்றார். அந்த விருது உண்மையில் பிரித்துத்தான் கொடுக்கப்பட்டது, ஆனால் குஜராத்திப் படத்தில் நடித்த மானசி பரேக்கோடு என்று சொன்னதும் வாதம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

21 அக்டோபர், செவ்வாய்

இரவு விமானம் மழையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். வழியனுப்ப வந்த பையன் சாங்கியில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, மறுபடியும் பிரதீப்புக்காகப் பேசினான். ‘டியூட்’ படத்தின் பிற்பாதியில், தன் காதலை விழுங்கிக்கொண்டு அவளுக்காக நிற்கும் ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே பிரதீப் ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்றான். நான் அந்த நேரத்தில் மமிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அவன் சொல்வதை மறுக்க முடியவில்லை. வரும் சனிக்கிழமை அவன் ‘பைசன்’ பார்ப்பான், நான் திருச்சியில் ‘டியூட்’ படத்தை இடைவேளையோடு இன்னொரு முறை பார்ப்பேன், அதற்குப் பிறகு தொலைபேசியில் பேசுவோம் என்று முடிவுசெய்திருக்கிறோம்.